மாப்பிள்ளை கேட்ட ஓய்வு

காலை ஏழரைக்கு ஆய்வகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் தேநீர் குடிப்பது என் பழக்கம். அன்றும் குடித்தேன். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பம்பை நிறுத்தினேன்.

நான் செயற்கை இரத்தக்குழாய் வளர்ப்பவன், ஐயா. நோயாளியின் தசைச் செல்களை எடுத்து மெல்லிய குழல் அச்சின் மேல் படரவிடுவோம். பம்ப் உள்ளே திரவத்தைத் துடிப்புத் துடிப்பாகத் தள்ளும். ஒவ்வொரு துடிப்பும் ஓர் அடி. அடி விழுகிறவரை செல்கள் சுருங்கி விரிகிற வேலையை மட்டும் பார்க்கும். அடி நின்றால் வேலையை மறந்து பெருகத் தொடங்கும். அப்படிப் பழகிய குழாயை உடம்பில் வைத்தால் உள்ளுக்குள்ளேயே தூர்ந்துபோகும்.

பெற்றோர் போன பிறகு தங்கையை வளர்த்தவனும் நான்தான். ஒரு மரஸ்கேல் போதுமாக இருந்தது. குரலை உயர்த்தியதுகூட இல்லை. கல்யாணம்வரை அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாப்பிள்ளைக்கு இதயத்தில் அடைப்பு. காலிலிருந்து எடுத்து ஒட்ட நல்ல குழாய் கிடைக்கவில்லை. அவருடைய செல்லிலிருந்தே வளர்ப்பது என்று முடிவானது. உறவை நான் மறைக்கவில்லை. "நீங்க பண்ணினாத்தான் சரியா வரும்" என்றார் அறுவை மருத்துவர்.

ஒருநாள் தங்கையும் அவரும் பார்க்க வந்தார்கள். அவர் பம்பைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மச்சான், என் பிள்ளைங்களைப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க? கொஞ்சம் ஓய்வு குடுங்களேன்."

"அண்ணனுக்கு அது மட்டும் வராது" என்றாள் தங்கை. அவளும் சிரித்தாள். என் முன்னால் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர் கேட்ட ஓய்வைக் கொடுத்தேன். துடிப்பைப் பதியும் கருவியை, ஓடிக்கொண்டிருந்த பக்கத்துப் பம்போடு இணைத்தேன். அழுத்தச் சோதனையில் குழாய் தேறியது. உருவம் கெடவில்லை, குணம் மட்டும் கெட்டிருந்தது. அறுவை அரங்குக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சில வாரம் நன்றாக நடமாடினார். பிறகு ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழவில்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். கண்டிப்பு இல்லாமல் எதுவும் உருப்படாது என்று தங்கைக்குக் காட்ட வேண்டியிருந்தது. அவள் நல்லதற்குத்தான். திரும்பி வருவாள் என்று அவள் அறையைப் பெருக்கி, ஸ்கேலைத் துடைத்து அலமாரியில் வைத்திருந்தேன்.

நேற்று இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"அவரு ஒருநாளும் என்மேல கை ஓங்கினதில்ல. அது உனக்குப் பொறுக்கலையா, அண்ணா?"