மாப்பிள்ளையை மாற்றலாம், தலைப்பை மாற்ற முடியாது

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை திடீரென்று சொன்னாள்: "மாப்பிள்ளையக்கூட மாத்திக்கிறேன்க்கா. தலைப்ப மாத்த மாட்டேன்."

"மெதுவாப் பேசுடி. நீ பி.எச்டி. தலைப்பச் சொல்றேன்னு பஸ்ல யாருக்குத் தெரியும்?"

"மொதக் கைடு கைத்தறின்னாரு. சின்னாளபட்டில வீடு வீடாப் போயிக் கேட்டு எழுதுனேன். அவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு. அடுத்து வந்தவரு, எக்கனாமிக்ஸ்ல கைத்தறியெல்லாம் பழசும்மா, முருங்கைக்கா மார்க்கெட்ட எடுன்னாரு. எடுத்தேன். எரியோடு பக்கம் வெயில்ல அலைஞ்சு முருங்க போட்ட அம்புட்டு சம்சாரிககிட்டயும் கேட்டு முடிச்சபெறகு, ஆன்லைன் வியாபாரம்னு மாத்துங்கிறாரு."

"சரின்னு சொல்லிட்டு வெரசா முடிச்சிரேன்டி."

"சரி சரின்னு சொல்லித்தானக்கா இம்புட்டு வருசமாச்சு!"

தாடிக்கொம்பு தாண்டியதும் அவளுடைய போன் அடித்தது. "அவருதான்" என்றாள். எடுத்ததுமே, "சார், முருங்கையிலயே முடிச்சிர்றேன் சார். இனிமே மாத்த என்னால முடியாது" என்றாள். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரிங்க சார்" என்று வைத்தாள்.

"சேசுவே! திட்டுனாரா?"

"இல்லக்கா. முருங்கையே இருக்கட்டும்னுட்டாரு."

"அப்புறம் ஏன்டி மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"அவருக்கு வெளியூர்ல பிரின்சிபால் வேலை கெடைச்சிருச்சாம். வேற கைடு பாத்துக்கச் சொல்றாரு."