குளிர் போன வழி

எனக்கு விசிறிக் காற்றே போதும் சார். ஏசி ஒத்துக்கொள்ளாது. வண்டியிலும் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன்.

பதினாறு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். போன சித்திரையில் ஒரு பெரியவர் வழியிலேயே இறந்துபோனார். "பத்து நிமிஷம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமேப்பா" என்றார் டாக்டர். அந்த வார்த்தை என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அன்று இன்னொரு டிரைவர் சிவபாண்டியின் ஆம்புலன்ஸ் என்னை முந்திப் போனதையும் மறக்க முடியவில்லை. என் வண்டி பழசு, கோடையில் இழுக்காது.

சமயநல்லூர் மெக்கானிக் விருமாண்டிதான் விவரம் சொன்னார். வெயில் காலத்தில் இன்ஜின் உள்ளே இழுப்பது அனல் காற்று. அதைக் குளிர வைத்தால் அடர்த்தி கூடும், டீசல் நன்றாக எரியும், குதிரைத்திறன் ஏறும். குளிருக்கு எங்கே போவது? வண்டியில்தான் ஏசி இருக்கிறதே. அந்தக் குளிரை இன்ஜினுக்குத் திருப்பிவிட ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்.

"ஆளு உள்ள இருக்கப்ப போட்டுறாதீக கிளமெண்ட் அண்ணே. பின்னாடி துளிக் குளிர் போகாது" என்று கறாராகச் சொன்னார். தலையாட்டினேன். காலி வண்டியில் வேகமாகப் போய் என்ன செய்ய?

முதல் நாளே வண்டி துள்ளிக்கொண்டு போனது. பின்னால் இருப்பவர்கள் புழுங்குகிறது என்பார்கள். வேர்த்தால் காய்ச்சல் இறங்கும் என்பேன்.

செல்லக்கிளியை வாடிப்பட்டியில் ஏற்றினேன். கண்மாயில் நூறு நாள் வேலை பார்க்கும்போது வெயிலில் சுருண்டு விழுந்தவள். "உடம்பு நூத்தியாறு டிகிரி கொதிக்குது. ஏசியக் குறைச்சிராதீங்கண்ணே, இப்ப அதுதான் மருந்து" என்று சொல்லி ஏற்றிவிட்டார் அங்கிருந்த நர்ஸ். நன்றாகக் காதில் விழுந்தது.

சமயநல்லூர் தாண்டியதும் பக்கக் கண்ணாடியில் சிவபாண்டியின் வண்டி தெரிந்தது. சுவிட்சைப் போட்டேன்.

பின்புறத்து ஜன்னல்கள் திறக்க முடியாதவை. கதவை வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். எனக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த கண்ணாடியை அவள் புருஷன் சோணை தட்டினான்.

"அண்ணே, ஏசி வரல. அனலா அடிக்குது."

"போட்டிருக்கேம்ப்பா. ஃபுல்லா ஓடுது."

அது பொய்யில்லை சார். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பரவை வந்தபோது காலால் உதைத்தான். "கதவையாச்சும் தெறங்கண்ணே. அவளுக்கு மூச்சு இழுக்குது." நிறுத்த நினைத்தேன். நிறுத்தினால் சிவபாண்டி போய்விடுவான். எனக்குப் பயமாக இருந்தது. அவர்களைப் போலவே நானும் அந்த வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். சுவிட்ச் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. அதில் ஒருமுறை கைவைத்தேன். பிறகு கையை எடுத்து ஹாரனை அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்தபோது சோணை தன் சட்டையைக் கழற்றி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான். உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

நான்தான் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சிவபாண்டி எனக்குப் பின்னால் ஆறு நிமிடம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார்.