பதில் வராத பக்கங்கள்

மேசையில் ஒரு தாள்கூட மிச்சமில்லாமல் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் நான் கந்தோரைவிட்டு வெளியே வருவேன். பதுளையில் முப்பது வருடம் லிகிதராக இருந்த அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். "சேந்தன்ட மேசையில பிள்ளை குளிப்பாட்டலாம்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். தர்மிளா அக்கா, இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டொரொண்டோவிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. அதற்கு நேரே பதில் சொன்னால் என்னை வேறு மாதிரி ஆள் என்று நினைத்துவிடுவீர்கள்.

2005இல் 'வேர்வழி' இணையத்தளத்தின் ஊவா மாகாணப் பொறுப்பாளராக என்னைச் சேர்த்தது நீங்கள். இந்திய–இலங்கைக் குடியுரிமை ஒப்பந்தத்தில் பாதிப்பேர் இந்தியாவுக்குப் போய், பாதிப்பேர் இங்கே தேயிலைத் தோட்டங்களிலேயே நின்றுவிட்ட குடும்பங்களை ஒரே வம்ச மரத்தில் மறுபடி சேர்ப்பதுதான் வேலை. நல்ல வேலை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தடித்த மொழிபெயர்ப்பு நாவல்களின் முதற்பக்கத்தில் குடும்ப மரம் அச்சிட்டிருப்பார்களே, கதையைவிட அதையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நான்.

தோட்டத்துக்கு ஒரு தொண்டர். இந்தியாவிலிருந்து யாராவது "என் தங்கை அங்கே இருக்கிறாளா?" என்று கேட்டால் அவர் விசாரித்துப் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பத்து நாளுக்கு ஒன்றாக மூன்று நினைவூட்டல். முப்பது நாள் முடிந்தால் அவருடைய பக்கங்களைப் பொறுப்பாளர் எடுத்துக்கொள்ளலாம். விதியை எழுதியது நீங்கள். நான் ஒரு நாள்கூட முந்தியதில்லை.

தொண்டர்கள் பதில் தரவில்லை. கொஸ்லந்தைத் தம்பையா மாஸ்டர் படுக்கையில் இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். ஹாலிஎல ஜெயகுமார் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். பூனாகலை விஜயலெட்சுமியோ முதல் நாளிலிருந்தே மௌனம். பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். பண்டாரவளையில் நாம் நடத்திய கூட்டத்துக்கு வந்து, தானாகவே கையை உயர்த்திச் சேர்ந்தவர்.

மாத முடிவில் நீங்கள் எல்லாப் பொறுப்பாளருக்கும் அட்டவணை அனுப்புவீர்கள். அதில் ஊவா கடைசியில் நின்றது. பதில் இல்லாத விசாரணைகள் நாற்பத்தொன்று. பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து எழுதியதில்லை. எழுதியிருந்தால் கோபப்பட்டுவிட்டு இருந்திருப்பேன்.

உயிரோடிருப்பவரின் பக்கம் பூட்டியிருக்கும், தொண்டர்தான் திறக்கலாம். இறந்தவர் என்று குறித்தால் பக்கம் தானாகத் திறந்துவிடும். அவரைப் பற்றிய விசாரணையும் முடிந்துவிடும்.

முதலில் குறித்தது 1911இல் பிறந்த ஒருவரை. அதில் யாரும் பிழை சொல்ல முடியாது. அடுத்தது 1919. பிறகு 1926. தோட்டத்தில் எண்பது வயது என்பது அரிது என்று எனக்கு நானே சொன்னேன், அதுவும் உண்மைதான். பிறகு 1938, 1944. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஷுக்ரியின் கொமியூனிகேஷன் கடைக் கணினியில் இருந்துதான் இதைச் செய்வேன். திரையை எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்பார், "என்ன சேர், இண்டைக்கு எத்தின மவுத்து?" நானும் சிரிப்பேன். மூன்று மாதத்தில் ஊவாவின் புள்ளி பச்சையானது. நீங்கள் எல்லோருக்கும் என்னை உதாரணமாகக் காட்டி எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைசியாக மிஞ்சிய ஒன்று 1960இல் பிறந்தவரைப் பற்றியது. கோத்தகிரியிலிருந்து இராக்கம்மா என்ற தாய், பேரனைக் கொண்டு எழுதியிருந்தார். எழுபத்தொன்பதில் பூனாகலையில் விட்டுவந்த மூத்த மகளைத் தேடினார். மகளின் பெயர் விஜயலெட்சுமி. ஆமாம் அக்கா, அதே விஜயலெட்சுமிதான். பதில் எழுத வேண்டிய தொண்டரும், தேடப்பட்டவரும் ஒருவரே. மூன்று நினைவூட்டலும் அனுப்பினேன். பதில் இல்லை. முப்பத்தோராம் நாள் குறித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் முகவரி இல்லாமல் தொண்டர் படிவம் ஏற்காது. கூட்டத்தன்று அவருக்கு முகவரி இல்லை. வரிசை நீண்டிருந்தது. நானே ஒன்றை உருவாக்கிப் பதிந்தேன். கடவுச்சொல்லை அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆக, மூன்று நினைவூட்டலும் போனது நான் மட்டுமே திறக்கக்கூடிய பெட்டிக்கு. மறந்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

ஒரு வாரத்தில் தாய் மறுபடி எழுதினார். "தம்பி, எந்தத் தேதின்னு தெரியுமா? திதி குடுக்கணும். எம்புள்ள ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?" தேதியைக் கொடுத்தேன். கஷ்டப்படவில்லை, மழை பெய்த ஒரு பிற்பகல், பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் தூங்குவதுபோல் கண்ணை மூடினார் என்று எழுதினேன். அந்த மழையை நான் படித்த ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தேன். தாய்க்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. காரியம் செய்து முடித்துவிட்டு எனக்கு நன்றி எழுதினார்கள்.

அடுத்த போயாப் பௌர்ணமி விடுமுறையில் விஜயலெட்சுமி இரண்டு பஸ் மாறிப் பதுளைக்கு வந்து, விசாரித்து, ஷுக்ரியின் கடைக்கே வந்துவிட்டார். கண்டவுடன் எனக்கு ஆளைத் தெரிந்தது.

"நீங்க ஏன் மெயிலுக்குப் பதில் போடேல்லை?" அதைத்தான் முதலில் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அத எங்க போய்ப் பாக்குறது சேர்? எங்க லயத்து வீட்டுல கரண்டே வந்துட்டுப் போற விருந்தாளி. நான் கடுதாசி நாலு போட்டேனே, கெடைக்கலீங்களா? ஒண்ணுல கொப்பியவே வச்சி அனுப்பியிருந்தேன். அறுவத்து மூணு குடும்பம்."

கிடைத்திருந்தது. நாலும் என் மேசை லாச்சிக்குள் இருந்தன. தபாலில் வருவது சேர்த்தியில்லை, தளத்தில்தான் பதிய வேண்டும் என்பது விதி. அதனால் பிரிக்கவில்லை.

"கிடைக்கேல்லை" என்றேன்.

"அப்ப ஒங்க தபாலும் எங்க தோட்டத்து ஆபீஸ் மாதிரிதான். எங்களுக்கு வர்ற கடுதாசி அங்கன மாசக்கணக்குல கெடக்கும் சேர். காலம்பற பெரட்டுல ஆளுகளக் கூப்புடுறப்ப கணக்கப்புள்ளைக்கு ஞாபகம் வந்தா கைக்கு வரும். இல்லாட்டி கரையான் படிச்சிக்கும்."

ஷுக்ரி விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, எங்கட சேரும் கரையான் கட்சிதான்."

"பதில் போடலன்னு என்னயச் செத்தவங்களோட சேத்துறாதீங்க சேர்" என்று சொல்லிவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மா பேரு இராக்கம்மா. நான் கல்யாணம் கட்டியிருந்ததால நின்னுட்டேன், அவங்க தம்பி தங்கச்சியக் கூட்டிக்கிட்டுக் கோச்சி வண்டி ஏறிட்டாங்க. கோத்தகிரிப் பக்கம்னு கேள்வி. ஒங்க கம்பியூட்டர்ல அட்ரஸ் இருக்குமுன்னுதான் சேர் நான் இந்த வேலைக்கே கையத் தூக்குனேன்."

முகவரி என் முன்னால் இருந்த திரையில்தான் இருந்தது. அதைக் கொடுத்தால் அவர் எழுதுவார், தாய் அறிவார், நீங்கள் அறிவீர்கள், பிறகு மற்ற நாற்பது பக்கங்களையும் யாராவது திறந்து பார்ப்பார்கள். அத்தனை குடும்பங்களும் குழம்பிப்போகும். அவர்களை நினைத்துத்தான் சொன்னேன் என்று அன்று எனக்குத் தோன்றியது.

"உங்கட அம்மா காலமாயிட்டா. மூண்டு வருஷம் இருக்கும்."

ஷுக்ரி எழுந்துபோய்ப் பிளேன்டீ வாங்கி வந்தார். விஜயலெட்சுமி அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார், "தேதி தெரியுங்களா சேர்? திதி குடுக்கணுமில்ல."

தாயும் மகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவருக்கும் ஒரு தேதி கொடுத்தேன். அவர் போனபின் தாயின் பக்கத்தில் அதையே பதிந்தேன். இரண்டு பக்கமும் இப்போது ஒன்றோடொன்று பொருந்தின. எனக்காகக் கொண்டுவந்திருந்த இரண்டு பேரிக்காயை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றை அங்கே பார்க்க முடியவில்லை. ஷுக்ரியிடம் கொடுத்தேன்.

அத்தோடு அவர் ஓய்ந்துவிடுவார் என்று எண்ணினேன். அடுத்த மாதமே, நான் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்கு வந்திருக்கிறார். "எங்கம்மாதான் இல்ல. மத்தவங்க அம்மா இருப்பாங்கல்ல" என்று ஷுக்ரியிடம் சொல்லியிருக்கிறார். ஷுக்ரி அவருக்குப் புதிதாக ஒரு மின்னஞ்சல் உருவாக்கிக் கொடுத்து, அவர் திரும்ப எழுதிய கொப்பியைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் பதியவும் காட்டிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் கேட்ட கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது: பூனாகலையில் இறந்துபோன ஒரு பெண் எப்படி அறுபத்து மூன்று குடும்பங்களைப் பதிவேற்றினார்?

உங்கள் மூன்று நினைவூட்டலும் எனக்குக் கிடைத்தன அக்கா. இன்று முப்பதாவது நாள். இத்தனை நாள் எழுதாமல் இருந்தது வெட்கத்தால். பஸ்ஸில் யாராவது பூனாகலைக்கு டிக்கட் கேட்டால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். கந்தோர் லாச்சியைத் திறக்க முடிவதில்லை. நான் செய்தது இதுதான்: நாற்பத்தொரு பேரை, அதில் சிலர் உண்மையாகவே இறந்திருந்தாலும், விசாரிக்காமல் சாகடித்தேன். ஒரு தாயையும் மகளையும் ஒருவருக்கொருவர் திதி கொடுக்க வைத்தேன். இருவரும் இந்த நிமிடம் உயிரோடிருக்கிறார்கள். தாய்க்கு அறுபத்தெட்டு வயது, நெஞ்சு நோவு என்று பேரன் எழுதியிருந்தான்.

என்னால் முடிந்த அளவு சரி செய்துவிட்டேன். விஜயலெட்சுமிக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி, தாயின் முகவரியையும் சேர்த்திருக்கிறேன். ஷுக்ரி உருவாக்கிய மின்னஞ்சல் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியும். பூனாகலைக்குப் பஸ் இருப்பதும் தெரியும். ஆனால் இப்படியொரு செய்தியைக் கையெழுத்தில் சொல்வதுதான் மரியாதை. நேற்றுக் காலை, தோட்டத்து ஆபீஸ் விலாசத்துக்குத் தபாலில் போட்டுவிட்டேன். மகள் அறியுமுன் தாய்க்குத் தெரிவது முறையல்ல, ஆகவே கோத்தகிரிக்கு நீங்களும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

முப்பது நாள் பார்ப்போம். பதில் வராவிட்டால், அவருக்கு விருப்பமில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.