திரும்பி வரும் தேதி

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, மருத்துவப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் தலைமை வடிவமைப்பாளரின் கணவர் அவர்களே, உடன் உழைத்த தோழர்களே, வணக்கம்.

பேசச் சொன்னார்கள், வந்து நிற்கிறேன். சாலை விபத்தில் எங்கள் தலைமை வடிவமைப்பாளர் போய் ஒரு வாரமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மனது மரத்துப்போய்க் கிடக்கிறது.

சர்க்கரை நோய் வந்தபின் வைத்தியம் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. வருமுன் காக்க யார் உண்டு? அதற்காகத்தான் எங்கள் கைபேசிச் செயலியை அவர் வடிவமைத்தார். ஊருக்கெல்லாம் ஒரே அறிவுரையா? கூடவே கூடாது என்றார்! இரவுப்பணிக் காவலாளிக்கு ஒரு சாப்பாட்டு நேரம், உட்கார்ந்தே தைக்கும் தையல்காரருக்கு ஒரு நடை என்று ஆளுக்கு ஆள் மாற்றினார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'நச்சரிப்பு அக்கா'. அவருக்கும் தெரியும். "நச்சரிச்சாதான்டா நடப்பாங்க" என்பார்.

கணவர் மட்டும் செயலியில் சேரவில்லை. "வீட்ல ஒண்ணு போதாதா? போன்ல வேறயா?" என்று எங்கள் முன்னாலேயே கேட்டார். விழுந்து விழுந்து சிரித்தவர் அக்காதான்.

செயலிக்கு ஓய்வு கொடுக்க விரும்புபவர் காரணம் சொல்ல வேண்டும்: காய்ச்சல், பயணம், வேலை. பிறகு திரும்பி வரும் தேதி போட வேண்டும். போடாவிட்டால் திரை நகராது. எதற்கு இந்தக் கெடுபிடி என்று நான் சண்டை போட்டேன். "தேதி கேக்காம விட்டா, போனவங்க போனவங்கதான்" என்றார். அவர் சொன்னதே சரி. தேதி போட்டவர்கள் திரும்பி வந்தார்கள்.

நேற்று கணவர் அக்காவின் கைபேசியோடு அலுவலகம் வந்தார். காலைதோறும் அது, "இன்னும் நடக்கவில்லையா?" என்று கேட்கிறதாம்.

"நிறுத்தத் தெரியலீங்க. இதுல எந்தத் தேதி போடுறது?"

காய்ச்சலை நினைத்தோம். பயணத்தை நினைத்தோம். சாவை நினைத்தோமா? இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்தோமே, ஒருவர்கூட நினைக்கவில்லையே! என் கணினியிலிருந்து அக்காவின் கணக்கை மூடினேன். கணவர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

தலைமை வடிவமைப்பாளர் அவர்களே! உங்கள் பணியைத் தொடர்வோம். தேதி கேட்பதை நிறுத்த மாட்டோம். அது ஆட்களைத் திருப்பி அழைத்து வருகிறது. அதன் கீழே இறந்தவரின் குடும்பத்தினருக்கென்று ஒரு பொத்தான் வைப்போம். அதைத் தொட்டால் எந்தக் கேள்வியும் வராமல் கணக்கு மூடிக்கொள்ளும். நாளை காலை வேலையைத் தொடங்குகிறோம்.

உங்களிடம் காட்டாமல் நாங்கள் செய்யப்போகும் முதல் திரை அது.