ஓடுகிறவர்களுக்கான பாட்டு

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புகிற வேலை எப்போதும் என்னுடையது. மின்சார இணைப்பு, வாடகை ஒப்பந்தம், எதுவானாலும் தங்கை பேனாவை என் பக்கம் தள்ளிவிடுவாள். "நீயே எழுதுக்கா, நான் எழுதினா ஏதாவது கோளாறு பண்ணி வெச்சிடுவேன்" என்பாள். உட்காருங்கள். அவள் வேலை முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கடிதத்துக்குப் பதில் வராமல் விலாசம் விசாரித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு எட்டு. அவளுக்குத் தலை பின்னியது, காய்ச்சலில் விழித்திருந்தது எல்லாம் நான்தான். அதைச் சொல்லிக் காட்டுகிற ஆளில்லை நான். விஷயம் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அவள் பாடுவாள். ஒரு கிதார், அவள் குரல், அவ்வளவுதான். மெதுவான பாட்டுகள். கேட்டால் நெஞ்சை அடைக்கும். பின் அறையில் ஜன்னலுக்குக் கம்பளி மாட்டி அவளே பதிவு செய்வாள். அதைப் பாட்டு கேட்கிற ஆப்பில் ஏற்றுவதும், அவள் பெயருக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பதும் என் பொறுப்பு.

பிளேலிஸ்ட் விவகாரம் உங்களுக்குத் தெரியாததில்லை, நீங்களே பாட்டுகளைத் தொகுத்துப் போடுகிறவர். புதுப் பாட்டு வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே படிவம் நிரப்ப வேண்டும். என்ன மனநிலைப் பாட்டு, வேகமா மெதுவா, எந்த நேரத்தில் கேட்கலாம் என்றெல்லாம் கேட்பார்கள். முதல் பாட்டுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். துக்கமானது, தனியாக இருக்கும்போது கேட்க ஏற்றது. மழை நாளுக்கென்று ஒருவர் போட்டிருந்த பிளேலிஸ்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் முன்பின் தெரியாத தொள்ளாயிரம் பேர் கேட்டார்கள். வேறு ஊரிலிருந்து ஒரு இசைக்குழு கூப்பிட்டது. அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

"ஆறே மாசம்க்கா. போயிட்டு வந்துடறேன்."

ஆறு மாதம் என்று போனவர்களில் யார் திரும்பி வந்திருக்கிறார்கள்? நல்ல வேளை, அந்தக் குழு கலைந்துபோனது. பெட்டி மறுபடி பரணுக்குப் போனது. அடுத்த முறையும் அதிர்ஷ்டம் என் பக்கம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாதல்லவா.

அதனால் இரண்டாவது பாட்டுக்குப் படிவத்தைக் கொஞ்சம் மாற்றி நிரப்பினேன். வேகமானது, உற்சாகமானது, உடற்பயிற்சிக்கு ஏற்றது. ஓடுகிறவர்களுக்கும் எடை தூக்குகிறவர்களுக்கும் பிளேலிஸ்ட் போடுகிறவர்களாகத் தேடிப் பிடித்து, பணிவாகக் கடிதமும் எழுதினேன். பலர் கேட்டுப் பார்க்காமலே சேர்த்துவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருக்கிறார். காதில் திடீரென்று ஒரு பெண் இறந்துபோன அம்மாவைப் பற்றி முணுமுணுக்கிறாள். பத்து விநாடிகூடப் பொறுக்க மாட்டார், அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது விநாடிக்குள் நிறையப் பேர் இப்படித் தாவினால், இது யாருக்கும் பிடிக்காத பாட்டு என்று ஆப் முடிவு கட்டிவிடும். பிறகு பிடிக்கக்கூடியவர்கள் கண்ணிலும் காட்டாது. அவள் பாட்டை நான் ஒளித்துவைக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பொருத்தமில்லாத ஆட்களிடம் சேர்த்தேன், அவ்வளவுதான்.

நான்கு வருடம், ஏழு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எத்தனை பேர் முழுசா கேட்டாங்க?" என்பாள். எண்ணைச் சொல்வேன். பொய் சொன்னதில்லை, எண் உண்மையானதுதான். முதலில் மைக்கைக் குறை சொன்னாள், பிறகு கிதாரை, பிறகு தன் தொண்டையை. பாத்திரம் கழுவும்போது பாடுவாள், அதுவும் நின்றுபோனது. எனக்கு மட்டும் கஷ்டமாக இல்லையா? அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுத்தேன். மூட்டை கட்டும் கிடங்கில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

போன வருடம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போக நாள் குறித்திருந்தோம். அதற்கு முந்தின நாள்தான் உங்கள் முதல் கடிதம் வந்தது. அவளுடைய கடைசிப் பாட்டு உங்கள் ஓட்டப் பிளேலிஸ்டில் வந்தபோது நீங்கள் ஓடுவதை நிறுத்தி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் அம்மா போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்றும். அந்தப் பாட்டை, வீட்டில் ஒருவரை இழந்தவர்களுக்கென்று நீங்கள் போட்டிருந்த பிளேலிஸ்டுக்கு மாற்றியிருந்தீர்கள். இரண்டே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் கடைசிவரை கேட்டிருந்தார்கள். உங்கள் ஊருக்கு வந்து பாட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அதை மூன்று முறை படித்தேன். பிறகு அழித்துவிட்டேன்.

டாக்டர் நல்ல மனுஷர். படம் போட்டு விளக்கினார். கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருக்கிறது. முழுசாக எடுத்தால் ஒரே தடவையில் முடிந்துவிடும், ஆனால் குரல் போய்விடும். நரம்புப் பக்கம் கொஞ்சம் விட்டுவைக்கலாம், அடிக்கடி சோதனைக்கு வர வேண்டும், மறுபடி வளரவும் கூடும். "பாடுறவங்களா இருந்தா ரெண்டாவது வழியைத்தான் சொல்லுவேன்" என்றார். "நீங்க பாடுவீங்களா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசிப் பாட்டை எத்தனை பேர்க்கா முழுசா கேட்டாங்க?"

"பதினோரு பேர்" என்றேன்.

எண்ணில் நான் சொன்ன ஒரே பொய் அது. அவள் சிரித்தாள். "பதினோரு பேருக்காக எதுக்கு டாக்டர் ரிஸ்க்கு? எடுத்துடுங்க" என்றாள். கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை வழக்கம்போல் என் பக்கம் தள்ளினாள். நிரப்பிக் கொடுத்தேன்.

இப்போது அவளுக்குக் காற்றுதான் வருகிறது, வார்த்தை வருவதில்லை. கிடங்கில் சைகையில் பேசிச் சமாளித்துக்கொள்கிறாள். கடைக்காரருக்குப் புரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாது. எனக்கு மட்டும் உதட்டசைவிலேயே எல்லாம் புரிந்துவிடும். மாலையில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சில நாள் சாப்பிடும்போதே அழுவாள். முதுகைத் தடவிக் கொடுப்பேன். அழாமல் எப்படி இருக்கும், பாடிய பிள்ளைதானே.

நாற்பதாயிரம் பேரைப் பற்றி அவளிடம் சொல்ல வந்திருக்கிறீர்கள், தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். கேட்டால் என்னைவிட்டுப் போய்விடுவாள். எங்கே போவாள், எப்படிப் பேசிப் பிழைப்பாள்? எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன். நீங்களே சொல்லுங்கள், அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?