ரிஃபத்துக்குத் திறக்காத கம்ப்யூட்டர்

தால்ச்சாவைச் சுடச்சுடச் சாப்பிடுவதைவிட, காலையில் வைத்ததை மத்தியானம் சாப்பிடுவதுதான் ருசி. இதை எனக்குச் சொன்னது ரிஃபத். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிற நீங்கள் சாப்பாட்டுப் பேச்சைக் குறித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் நீங்கள் கேட்ட விஷயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் பேர் வெள்ளியங்கிரி. பெருந்துறைத் தொழிற்பேட்டையில், துணிக்கு டிசைன் போடும் நம் கிளையில், லினக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். ரிஃபத் டிசைன் போடுகிறவள். தினமும் உக்கடத்திலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருவாள். மத்தியானம் எனக்கு எதிரே உட்கார்ந்து, டப்பாவில் பாதியை என் தட்டில் கவிழ்ப்பாள், ஊர்க்கதை பேசுவாள். அதற்கு முன்னால் நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டவன். அவ்வளவுதான் எங்களுக்குள். வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள், அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மேனேஜர் பாலகோபால் சாரிடம் கேட்டாள். அவர் நல்ல மனுஷர்.

"ஊட்லருந்து இங்கத்த கம்ப்யூட்டர்ல நொழைஞ்சு வேலைய முடிச்சுக் காட்டுங்க அம்மணி. இந்த மாசம் பாக்கறேன். செரியா வந்துச்சுன்னா அங்கயே இருந்துக்கலாம்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க வெள்ளியங்கிரி, ஏற்பாடு பண்ணிரலாமில்லீங்க?"

"அதுக்கென்னங்க, செஞ்சுபோடலாமுங்க" என்றேன்.

வேறென்ன சொல்வது? பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்காவிட்டாலும், 'கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க' என்று காப்பி கொடுத்து அனுப்புகிற ஊர் இது. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட அந்தக் கம்ப்யூட்டரில் சேவை என்று ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திவைத்தேன். இங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. உக்கடத்தில் இருக்கிற ரிஃபத்துக்கு மட்டும் திரையில் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வரும். கதவு வரைக்கும் வந்துவிட்டாய், உள்ளே விடமாட்டேன் என்று அர்த்தம்.

உடனே எனக்குப் போன் செய்வாள். ஒருநாளும் நான் எடுக்காமல் இருந்ததில்லை. "பதிலே வராம நின்னுச்சுன்னா நெட்டுக் கோளாறு கண்ணு. மறுக்குதுன்னா, நீ கூப்பிட்டது அதுக்குக் கேட்டிருக்குதுன்னு அர்த்தம். பயப்படாத" என்று பாடம் நடத்துவேன். அட்ரஸைச் சரிபார்க்கச் சொல்வேன். எந்தக் கதவு என்று காட்டும் போர்ட் எண்ணைப் பார்க்கச் சொல்வேன். எல்லாம் சரியான யோசனைகள்தான், தவறாக ஒன்றுகூடச் சொல்லவில்லை. அவள் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டுவாள். பின்னால் அவள் அம்மா தண்ணீர் கேட்பது காதில் விழும். சாப்பாட்டு நேரம் நன்றாகப் போகும்.

வேலை நகரவில்லை என்றதும் சார் அவள் வீட்டுக்கே போனார். போகிறேன் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். வயசான மனுஷர் அவ்வளவு தூரம் போய் வெறும் கையோடு திரும்பக் கூடாதே என்று சேவையை ஓடவிட்டேன். அவள் லேப்டாப்பில் அவரே உட்கார்ந்து முயன்றார். முதல் தடவையிலேயே உள்ளே போய்விட்டது. "நல்லாத்தான இருக்குது அம்மணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தாராம். கிளம்பிவிட்டேன் என்று எனக்கும் போன் செய்தார். மறுபடி நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு ரிஃபத்தின் குரல் இறங்கிப்போயிற்று. "என் கையிலதான் ஏதோ தப்புங்ண்ணா. எனக்கு மட்டுந்தான் இப்புடி ஆவுது" என்றாள். பழகப் பழக வந்துரும் கண்ணு என்று தேற்றினேன். அந்த நேரத்தில் தேற்றுவதற்கு அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

மாசக் கடைசியில் சார் அவளைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார். அம்மாவைக் காரமடையில் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அந்தம்மா நல்ல கையால் இவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

வந்த அன்றைக்கு எனக்கு எதிரேதான் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. டப்பாவை அப்படியே என் பக்கம் தள்ளினாள். நெய்ச்சோறும் தால்ச்சாவும். வீணாகக் கூடாது என்று நானே முழுவதையும் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை. பாவம், மனசு சரியில்லாத பிள்ளை.

பிறகு அவளே யோசித்திருக்கிறாள். அட்ரஸும் சரி, போர்ட்டும் சரி, அப்படியும் மறுத்தது என்றால் அந்தச் சேவையை யாரோ நிறுத்தியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, உங்களுக்குப் புகார் எழுதிவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. இப்போது வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

ஆமாம், நிறுத்தியது நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான். போகாதே என்று அவளிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. ஆனால் நான் வாய்விட்டுக் கேட்டு, அவள் முடியாதுங்ண்ணா என்று சொல்லியிருந்தால்? ஒருவர் நம்மை மறுத்தால் மனசு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியாது.