ஆட்டோவுக்குத் தெரியாத நாடு

நடுவர் அவர்களே... எதிரணி நண்பர் இப்போ ஒரு கேள்வி கேட்டுட்டுப் போய் உக்காந்திருக்கார். "இந்த நாட்டுக் குடிமகனா இல்லாதவனுக்கு எதுக்கு டிரைவிங் லைசென்ஸ்?" நல்லா கை தட்டுனீங்க. நானும் தட்டுனேன், அழகாப் பேசுனார். இப்போ வாதத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு, ஒரு குட்டிக் கதை சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் யாருக்குத் தட்டணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

தெக்குப் பக்கம் ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்க இலங்கைத் தமிழர் முகாம் ஒண்ணு இருக்கு. முகாம்ல நிரோஜினின்னு ஒரு அம்மா. அப்பா அம்மா படகுல வந்தவங்க... இவங்க பிறந்தது, படிச்சது, கல்யாணம் கட்டினது எல்லாம் அந்த முகாம்லதான். ஆனா கையில இருக்கிறது அகதி அட்டை.

அந்த முகாமுக்குள்ள பஸ் வராது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வலி வந்துருச்சு. ஆட்டோவுக்கு மாத்தி மாத்திப் போன் பண்றாங்க... இதோ வர்றேன்னவர் வரல. கடைசில முகாம் வாசல்லயே குழந்தை பிறந்துருச்சு. நல்ல வேளை, தாயும் பிள்ளையும் நல்லா இருந்தாங்க. ஆனா நிரோஜினி அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க, ஆட்டோ ஓட்டக் கத்துக்கிறதுன்னு.

உள்ளூர் ஆட்டோக்காரர் காஜா மைதீன் கத்துக் கொடுத்தார். அவருக்கு முட்டி வலி, அதிகம் ஓட்ட முடியல. லைசென்ஸ் வாங்கிட்டு வாம்மா, வண்டிய நீயே ஓட்டுன்னு சொல்லிட்டார்.

ஆட்டோ ரெடி. ஆள் ரெடி. லைசென்ஸ்?

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தணிகாசலம்னு ஒரு இன்ஸ்பெக்டர். நேர்மையான மனுஷன், கை நீட்டாதவர். அட்டையைப் பாத்தார், திருப்பிக் கொடுத்துட்டார். முகாம் ஆளுங்களுக்கு இங்க போடறதில்லம்மான்னார். ஏன் சார்னு கேட்டதுக்கு, வழக்கம் இல்லைன்னார். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி போனாங்க. அதே பதில்.

காஜா மைதீன் வந்து கூட்டிட்டுப் போகட்டும்னு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அப்போ... அதே தணிகாசலம், கையில ஒரு ஸ்வீட் பாக்ஸ். ஆபீஸ்ல எல்லாருக்கும் கொடுத்துட்டு வெளிய வந்தவர், பெஞ்சுல இருந்த இவங்ககிட்டயும் நீட்டுனார்.

"என்ன விசேஷம் சார்?"

"என் பொண்ணு கனடால படிக்கிறாம்மா. நேத்து அங்க டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணிட்டா."

நிரோஜினி குத்திக் காட்டறதுக்காகக் கேக்கல... நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாங்க. "அப்போ அவங்க அந்த நாட்டுக்காரங்க ஆயிட்டாங்களா சார்?"

"அதெப்படிம்மா... படிக்கத்தானே போயிருக்கா. பாஸ்போர்ட் நம்ம பாஸ்போர்ட்..."

சொல்லிட்டு மனுஷன் அவங்க கையில இருந்த அகதி அட்டையைப் பாத்தார்.

நிரோஜினி மைசூர்பாகை எடுத்துக்கிட்டாங்க. "ரொம்ப சந்தோஷம் சார். அங்க பனி கொட்டுமாம்... பாத்து ஓட்டச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ஆட்டோ வந்துருச்சு, போயிட்டாங்க.

தணிகாசலம் கோபப்பட்டிருக்கலாம். படல. உள்ள போய் மேலதிகாரிக்குப் போன் போட்டார். வயசுக்கு ஆதாரம், விலாசத்துக்கு ஆதாரம் ரெண்டும் அந்தம்மாகிட்ட இருக்கு, முகாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு விதியில எங்கயாவது இருக்கான்னு கேட்டார். அந்தப் பக்கம், இல்லைதான், ஆனா கொடுத்து வழக்கமில்லையேன்னு இழுத்தாங்க. "வழக்கம் வேற, விதி வேற சார். எழுதி அனுப்புறேன், எழுத்துலயே பதில் கொடுங்க"ன்னுட்டார். பதில் வர நாளாச்சு... ஆனா வந்துச்சு. கொடுக்கலாம்.

எல்.எல்.ஆர். கிடைச்சு, டெஸ்ட் நாளும் வந்துச்சு. முகாமே முகாம் வாசல்ல காத்திருக்கு. என்ன ஆச்சு தெரியுமா?

ஃபெயில்.

ஆமாங்க. எட்டு போடறப்போ வண்டி கோட்டைத் தாண்டிருச்சு. தணிகாசலம் தயவு தாட்சண்யமே பாக்கல. திருப்பம் சரியில்ல, பழகிட்டு வாங்கன்னு அனுப்பிட்டார். போன்ல சேதி வந்ததும் முகாம்ல எல்லார் முகமும் தொங்கிப் போச்சு. பாத்தியா, கடைசில தரமாட்டேன் எண்டுட்டாங்களேன்னு வீட்டுக்காரரும் நொந்துக்கிட்டார்.

ஆனா நிரோஜினி ஆட்டோவை விட்டுச் சிரிச்சுக்கிட்டே இறங்குறாங்க. "நான் திருப்பினது பிழை எண்டுதான் அனுப்பினவர். முகாம் ஆள் எண்டு இல்லை."

யோசிச்சுப் பாருங்க... ஃபெயிலானதுக்கு ஒரு மனுஷி சந்தோஷப்பட்டா, அதுக்கு முன்னாடி அவங்களை நாம எங்க நிறுத்தி வச்சிருந்தோம்? பரீட்சை ஹாலுக்குள்ளயே விடல... அதான்.

அடுத்த தடவை எட்டு சுத்தமா விழுந்துச்சு. லைசென்ஸ் வாங்கிட்டாங்க. இன்னைக்கு அந்த ஊர்ல ஓடுது அந்த ஆட்டோ.

எதிரணி நண்பரே... லைசென்ஸைக் கொடுத்தா நாளைக்கு அதையே காட்டி நானும் இந்த நாட்டுக்காரன்னு வந்து நிப்பாங்கன்னீங்க. நியாயமான பயம்தான். ஆனா லைசென்ஸ் சொல்றது ஒண்ணே ஒண்ணு... இவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும். எந்த நாட்டுக்காரங்கங்கிற கேள்விக்கு வேற ஆபீஸ் இருக்கு, வேற மேசை இருக்கு. அதை அங்க கேளுங்க. இங்க வண்டியை மட்டும் கேளுங்க.

இந்த அரங்கத்தை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கப் போறீங்க. எதிர்ல ஒரு ஆட்டோ வேகமா வருது. அந்த நேரத்துல அதை ஓட்டறவங்க எந்த நாட்டுக்காரங்கன்னு உங்களுக்குத் தெரியணுமா... இல்ல, பிரேக் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணுமா?

சொல்லுங்க. இப்போ தட்டுங்க.